ஆமாவா, இல்லையா?

மைக்செட் போடுகிறவனுக்கு மேடையிலும் இடம் கிடையாது, கூட்டத்திலும் இடம் கிடையாது. மேடைக்குப் பக்கவாட்டில், ஜெனரேட்டர் புகை வராத பக்கமாகப் பார்த்து ஒரு மேசை, ஒரு ஸ்டூல். அங்கே உட்கார்ந்தால் பேசுகிறவர் முகமும் தெரியும், கேட்கிறவர்கள் முகமும் தெரியும். சோழவந்தானில் அப்பா ஆரம்பித்த சவுண்ட் சர்வீஸை நான் கையில் எடுத்து 35 வருடம் ஆகிறது. கல்யாணம், காதுகுத்து, ஜெனகை மாரியம்மன் வைகாசித் திருவிழா, கட்சிக் கூட்டம், பட்டிமன்றம், விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணம் நாடகம், கிராம சபை என்று எல்லாவற்றுக்கும் வயர் இழுத்திருக்கிறேன். எங்கள் பக்கத்து ஜனங்கள் பொது இடத்தில் பேசுகிற விதமும், அதைவிட முக்கியமாக, கேட்கிற விதமும் மாறிப்போனதை அந்த ஸ்டூலில் இருந்துதான் பார்த்தேன். அதில் பெரும்பங்கு டிவிக்கு என்பது என் எண்ணம். ரொம்ப நாளாக எழுத நினைத்தது, இன்றைக்குத்தான் கை வந்தது.

2023 மே 1. வாடிப்பட்டி ஒன்றியத்தில் ஒரு ஊராட்சியில் கிராம சபை. சமுதாயக் கூடத்துக்கு முன்னால் சாமியானா போட்டு, மேசையில் பற்றாளர் (கூட்டத்தைக் கவனிக்க அரசு அனுப்பும் அலுவலர்), செயலர், தலைவர், வார்டு உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சாமியானா நிழல் போதவில்லை. நூறு நாள் வேலைக்கு வருகிற பெண்கள் எல்லாரும் தள்ளி வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்கள். நான் இரண்டு மைக் கொடுத்திருந்தேன். ஒன்று மேசையில், இன்னொன்று ஜனங்கள் பக்கம் ஸ்டாண்டில்.

எழுபது வயதுக்கு மேல் இருக்கும், ஒரு அம்மா மரத்தடியில் இருந்து எழுந்து வந்தார். ஸ்டாண்ட் அவர் உயரத்துக்கு எட்டவில்லை. நான் போய் இறக்கி வைத்துவிட்டு வந்தேன். "நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தப்ப ஊருணித் தண்ணிதான் குடிச்சோம்" என்று ஆரம்பித்தார். அப்புறம் கைப்பம்பு வந்தது, அப்புறம் மேல்நிலைத் தொட்டி கட்டினது, தொட்டி கட்டும்போது அவர் வீட்டுக்காரர் அங்கே கூலிக்குக் கலவை போட்டது, பள்ளம் தோண்டிக் குழாய் பதித்தது என்று போய்க்கொண்டிருந்தது பேச்சு. எங்கள் பக்கம் பெரியவர்கள் பேசினால் இப்படித்தான். அடி முதல் சொன்னால்தான் அவர்களுக்குச் சொன்ன மாதிரி இருக்கும்.

அப்போது மேசைப் பக்கம் நின்றிருந்த ஒரு பையன் மைக்கை எடுத்தான். டிகிரி படித்தவன், செல்போன் கடையில் வேலை. கையில் ஒரு தாளைச் சுருட்டி வைத்துக்கொண்டு கேட்டான்: "அப்பத்தா, கதையெல்லாம் வேணாம். ஒரே ஒரு கேள்வி. உங்க வீட்டுக்குக் குழாய் குடுத்தாச்சா, இல்லையா? ஆமாவா, இல்லையா? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

"குடுத்தாக ராசா, ஆனா..."

"குடுத்தாச்சு. அவங்களே ஒத்துக்கிட்டாங்க. பதிவு பண்ணிக்கங்க."

உடனே எதிர்ப்பக்கம் இருந்து ஒருவர் எழுந்தார். "நீங்க திசைதிருப்புறீங்க. அவங்களைப் பேச விடுங்க." சரி, நல்லதுக்குத்தான் பேசுகிறார் என்று பார்த்தால், அந்த அம்மாவுக்கு முன்னால் இருந்த மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அவர் பாட்டுக்குப் பழைய நிர்வாகத்தில் நடந்த டெண்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். "என் கேள்விக்கு இன்னும் பதில் வரல" என்று அந்தப் பையன். "நீங்க எந்தக் கட்சி சார்பா பேசுறீங்க?" என்று இவர். இரண்டு மைக்கும் ஒரே நேரத்தில் திறந்திருந்ததில் ஸ்பீக்கர் ஊளையிட்டது. நான் சத்தத்தைக் குறைத்தேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, மரத்தடிக்கே திரும்பிப் போய்விட்டார்.

கூட்டம் முடிந்து நான் வயர் சுற்றிக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். விட்ட இடத்தில் இருந்து சொன்னார். தொட்டியில் இருந்து வருகிற குழாய் மேலத்தெரு முக்கில் இரண்டாகப் பிரிகிறது. அங்கே மண்ணுக்குள் ஒரு கேட் வால்வு இருக்கிறது. பழைய ஆள் ஒருநாள் விட்டு ஒருநாள் அதை மாற்றி மாற்றித் திறந்துவிடுவார். தண்ணீர் திறக்கிற ஆள் மாறினதில் இருந்து அதை யாரும் தொடுவதில்லை. பாதிக்குமேல் மூடிக் கிடக்கிறது. அதனால்தான் கீழத்தெருவில் புதுக் குழாய் இருந்தும் தண்ணீர் வரவில்லை. "எங்க வீட்டுக்காரர் குழி தோண்டுன ஆளு, அவருக்குத்தான் அந்த எடம் தெரியும், எனக்குக் காட்டிருக்காரு" என்றார். கலவை போட்ட கதை எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பத்து நிமிடம் விட்டிருந்தால் அதைத்தான் கூட்டத்தில் சொல்லியிருப்பார். நான் செயலரிடம் போய்ச் சொன்னேன். அந்த வாரமே மண்ணைத் தோண்டி வால்வைத் திறந்தார்கள்.

அந்தப் பையன் கெட்ட பையன் இல்லை. ராத்திரி பெரியாஸ்பத்திரிக்கு ரத்தம் வேண்டும் என்று போன் போட்டால் பைக்கை எடுத்துக்கொண்டு மதுரைக்குக் கிளம்புகிறவன். நல்லது செய்ய வேண்டும் என்றுதான் மைக்கை எடுத்தான். பொது விஷயத்தைப் பேசுவது என்றால் அப்படித்தான் பேச வேண்டும் என்று அவன் கற்றுக்கொண்டிருக்கிறான். தினமும் ராத்திரி எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் டிவி விவாதத்தில் அவன் பார்த்தது அது ஒன்றைத்தான். சுருட்டின தாள் உட்பட.

எனக்கு விவரம் தெரிந்தபோது டிவி இப்படி இல்லை. சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது என்றாலும், எங்கள் பக்கத்துக்குப் படம் வந்து சேர வருடக்கணக்காயிற்று. 1982-இல் இலங்கையில் ரூபவாகினி வந்தபிறகு, வசதியுள்ள ஒன்றிரண்டு வீடுகளில் உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டி அதைப் பிடிக்கப் பார்ப்பார்கள். கொடைக்கானல் மலையில் கோபுரம் வந்தபிறகுதான் எங்களுக்குத் தமிழ் நிகழ்ச்சி தெளிவாகக் கிடைத்தது. பஞ்சாயத்தில் ஒரு டிவி வைத்தார்கள். கதவு வைத்த மரப்பெட்டி, அதற்கு ஒரு பூட்டு, சாவி ஒரு தாத்தாவிடம். அவர் வந்து திறக்கிற வரைக்கும் ஊர் தரையில் உட்கார்ந்து காத்திருக்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒளியும் ஒலியும் என்பதால், "அன்னைக்குக் கூட்டம் வைக்காதீங்கண்ணே, நாற்காலிதான் இருக்கும்" என்று அப்பா கட்சிக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

அப்படியே இருந்தாலும் அது ஒரு கூட்டம். செய்தி வாசிக்கும்போது ஒருவர் விளக்கம் சொல்வார், இன்னொருவர் மறுப்பார், சாவித் தாத்தா இரண்டு பேரையும் அதட்டுவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் நாளைக்குக் காலையில் வாய்க்கால் தண்ணீருக்கு நம்மோடு நிற்கப் போகிறவன் என்பதால் பேச்சில் ஒரு அளவு இருந்தது.

1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி வந்தது. கேபிள் தெருத் தெருவாக வந்தது. 2006 செப்டம்பர் 15-இல் அரசின் இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பித்து, ஐந்து வருடத்துக்குள் 1.5 கோடிக்கும் மேலான வீடுகளுக்குப் போனது. ஏழை வீட்டுக்கு டிவி போனதைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். பணக்காரர் வீட்டுத் திண்ணையில் நின்று, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, விரட்டப்பட்ட பிள்ளைகளில் நானும் ஒருவன். அந்த அவமானம் போயிற்று, அது நல்லதுதான். ஆனால் அதோடு பஞ்சாயத்து டிவி அறைக்கு ஆள் வருவதும் நின்றது. அந்த அறையில் இப்போது பிளீச்சிங் பவுடர் மூட்டை இருக்கிறது. சாயங்காலம் ஏழு மணிக்கு ஊர்க்கூட்டம் போட்டால் பெண்கள் யாரும் வருவதில்லை. பத்து மணி வரை தொடர்கள். ஊர்க் காரியம் பேச ஆண்கள் மட்டும் போதும் என்று நினைப்பவர்களுக்கு இது ரொம்ப வசதியாகப் போய்விட்டது. இதைப் பற்றி நான் நிறையக் கோபப்பட்டிருக்கிறேன்.

கட்சிகளும் சேனலும் ஒன்றுக்குள் ஒன்றானது அடுத்தது. 1999-இல் ஜெயா டிவி, 2006-இல் மக்கள் தொலைக்காட்சி, 2007-இல் கலைஞர் டிவி, 2010-இல் கேப்டன் டிவி. மதுரைக்காரர்களுக்கு 2007 மறக்காது. மே 9 அன்று, ஒரு கருத்துக்கணிப்பு வெளியானதற்காக, சன் டிவி குழுமத்தின் நாளிதழான தினகரன் அலுவலகம் தாக்கப்பட்டு, அங்கே வேலை பார்த்த மூன்று பேர் உயிர் போனது. வேலைக்கு வந்த இடத்தில் செத்துப் போனார்கள். அதே வருடம் செப்டம்பர் 15-இல் கலைஞர் டிவி தொடங்கியது, அரசு கேபிள் நிறுவனமும் அந்த வருடம்தான் பதிவானது. சேனல், கேபிள், கட்சி எல்லாம் எவ்வளவு நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன என்பது எங்கள் ஊருக்கு அப்படித்தான் தெரிந்தது.

இந்தப் பின்னல் மேடைப் பக்கத்தில் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். முன்பெல்லாம் கூட்டத்துக்கு மேடை போடும்போது அப்பா கேட்கிற முதல் கேள்வி, "பொம்பளைங்க எந்தப் பக்கம்?" என்பது. அந்தப் பக்கம் குழாய் ஸ்பீக்கர் நேராக அடிக்காமல் கொஞ்சம் சாய்த்துக் கட்டுவார், கைக்குழந்தை அழும் என்று. இப்போது முதலில் குறிக்கிற இடம் கேமரா பரண். மேடைக்கு நேர் எதிரே, கூட்டத்தின் நடுவில், எட்டடி உயரத்தில் சவுக்குக் கம்பு கட்டி நிற்கும். அதற்குப் பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு மேடை தெரியாது. அவர்கள் பக்கவாட்டில் இருக்கும் எல்இடி திரையில் தலைவரைப் பார்க்க வேண்டும். இவ்வளவு தூரம் வேன் ஏறி வந்து டிவிதான் பார்க்கிறார்கள்.

ஒருமுறை ஒரு கூட்டத்தில், ஆறு மணிக்கே ஒரு சேனல்காரர்கள் வந்து காலி நாற்காலிகளை நிதானமாகப் படம் பிடித்துவிட்டுப் போனார்கள். ஜனங்கள் எட்டு மணிக்குத்தான் வரத் தொடங்குவார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும். இன்னொரு சேனல் எட்டரைக்கு வந்தது. ஏற்பாட்டாளர்கள் பின்வரிசை ஆட்களை எழுப்பி முன்னால் நெருக்கி உட்கார வைத்தார்கள். ராத்திரி வீட்டுக்கு வந்து இரண்டு சேனலையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒன்றில் கூட்டமே இல்லை. இன்னொன்றில் கடல் போலக் கூட்டம். நான் அங்கேயே இருந்தேன், சுமார் எண்ணூறு பேர். பேச்சு கொஞ்சம் நன்றாகவே இருந்தது, பெரியாறு பாசனக் கால்வாயில் கடைமடைக்குத் தண்ணீர் வராததைப் பற்றி ஒருவர் விவரமாகப் பேசினார். அவர் பேச்சு இரண்டு சேனலிலும் இல்லை.

மதுரைக்கு என்று ஒரு பேச்சு மரபு உண்டு. சாலமன் பாப்பையா ஐயா எங்கள் மதுரைக்காரர், அமெரிக்கன் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் டிவியில் அவர் பட்டிமன்றம் பார்க்காத வீடு குறைவு. பட்டிமன்றத்தை மேடை இல்லாத ஊருக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது டிவிதான், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். திருவிழா மேடைகளில் பட்டிமன்றம் மூன்று மணி நேரம் ஓடும். நான் ரசித்துக் கேட்டது அதன் முறையைத்தான். ஒருவர் பேசும்போது எதிரணிக்காரர் குறிப்பு எடுப்பார். மறுக்க வேண்டும் என்றால் முதலில் கேட்டாக வேண்டும். "எனக்கு முன்னால் பேசிய அம்மா சொன்ன மூன்றில் ஒன்றை நான் ஏற்கிறேன்" என்று ஆரம்பிக்கிற பேச்சாளர்களை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். மணி அடித்தால் நிறுத்துவார்கள். கடைசியில் நடுவர் இரண்டு பக்கத்தையும் எடுத்துச் சொல்லித் தீர்ப்புத் தருவார். ஒரு மைக்தான். கைமாறிக் கைமாறிப் போகும்.

டிவி விவாதத்தில் ஆளுக்கு ஒரு மைக், சட்டையில் குத்தியது. நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசலாம். நெறியாளரே நடுவில் இறங்கி ஒரு கட்சியாகிவிடுகிறார். "சுருக்கமா, முப்பது நொடி" என்று சொல்லிவிட்டு இருபதாவது நொடியில் அடுத்த கேள்வி. தீர்ப்பு கிடையாது, விளம்பரம் வரும். சத்தக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டு குரல் சேர்ந்து வந்தால் காதுக்கு எதுவும் புரியாது. புரியாது என்று தெரிந்தேதான் மைக்கைத் திறந்து வைக்கிறார்கள்.

ஏன் என்று யோசித்தால் கணக்கு ஒன்று இருக்கிறது. யார் எந்தச் சேனல் பார்க்கிறார்கள் என்பதை பார்க் என்ற அமைப்பு அளக்கிறது. 2020 வாக்கில் நாட்டில் டிவி உள்ள வீடுகள் 20 கோடிக்கு மேல். அளக்கும் மீட்டர் இருந்தது சுமார் 44,000 வீடுகளில். அந்த வீடுகளில் ஒருவர் சேனலை மாற்றாமல் நின்றால் அது ரேட்டிங், ரேட்டிங் வந்தால் விளம்பரம். தெருவில் சண்டை நடந்தால் யாராக இருந்தாலும் ஒரு நிமிடம் நிற்கத்தான் செய்வோம். அந்த ஒரு நிமிடத்தைத்தான் விற்கிறார்கள். 2020 அக்டோபரில் மும்பையில் ரேட்டிங் மோசடி வழக்கு வந்தபோது செய்திச் சேனல்களின் ரேட்டிங்கை நிறுத்திவைத்தார்கள், 2022 மார்ச்சில்தான் திரும்ப வந்தது. அந்த ஒன்றரை வருடமும் நான் கவனித்துப் பார்த்தேன். சத்தம் குறையவில்லை. பேசுகிறவர்களுக்கும் பழகிவிட்டது, நமக்கும் பழகிவிட்டது.

என்னை ரொம்பப் பாதித்தது 2019 அக்டோபர். மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தான். 25-ஆம் தேதி சாயங்காலத்தில் இருந்து 29 அதிகாலை வரை எல்லாச் சேனலிலும் அதே நேரலை. நடுவில் தீபாவளி. எங்கள் தெருவில் வெடிச் சத்தமே இல்லை, எல்லார் வீட்டிலும் டிவி. திரையின் ஓரத்தில் அடிக்கணக்கு ஓடியது. 26 அடி, அப்புறம் 70, அப்புறம் 88. நானும் தூங்கவில்லை. என் மனைவி விளக்கேற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கண்ணீர் உண்மையான கண்ணீர், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதே நாள்களில் தூத்துக்குடியில் ஒரு வீட்டில், பெற்றோர் இந்த நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர்களுடைய இரண்டு வயதுப் பெண் குழந்தை தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்துபோனது. அந்தத் தாய் தகப்பனை ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வராது. அன்றைக்கு எல்லா வீடும் அப்படித்தான் இருந்தது.

அடுத்த நாளே ஒரு ஊராட்சியில் இருந்து என்னைக் கூப்பிட்டார்கள். ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி அறிவிப்புச் செய்ய வேண்டும்: பயன்பாட்டில் இல்லாத ஆழ்துளைக் கிணறுகளை உடனே மூடுங்கள். இதற்கு 2010-லேயே உச்ச நீதிமன்றம் விதிமுறை சொல்லிவிட்டது. கைவிட்ட கிணற்றை அடியில் இருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கல் போட்டு நிரப்ப வேண்டும். நாலு நாள் இரவும் பகலும் பார்த்தவன் நான். அந்த ஒரு வரியை யாரும் நிறுத்திச் சொல்லி நான் கேட்கவில்லை. எப்படி மூடுவது என்று என் ஆட்டோவை நிறுத்தித்தான் கேட்டார்கள். முதல் இரண்டு நாள் வீட்டுக்கு வீடு வெளியே வந்து கேட்டார்கள். ஒருவர் தன் தோட்டத்துக்கு என்னைக் கூட்டிப்போய், சாக்கு போட்டு மூடியிருந்த குழியைக் காட்டினார். நாலாவது நாள் டிவியில் வேறு செய்தி வந்துவிட்டது. நான் அதே தெருவில் அதே அறிவிப்பைச் சொல்லிக்கொண்டு போனேன். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் எழுதியது முழுசாக இருக்காது. அம்மாவுக்கு முட்டி போய் நடக்க முடியாமல் ஆனபிறகு, சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை போக முடியவில்லை. மீனாட்சி திருக்கல்யாணத்தன்று டிவிக்கு முன்னால் மனைப்பலகை போட்டு, குளித்து, ஈரத் தலையில் துண்டோடு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் தாம்பாளத்தில் மஞ்சள், குங்குமம், புதுத் தாலிச்சரடு. அப்பா அப்போது இருந்தார். திரையில் மங்கல நாண் பூட்டும்போது அம்மா சரடு மாற்றிக்கொள்வார், தெருவில் எல்லா வீட்டிலும் அதே நேரம் குலவைச் சத்தம் கேட்கும். 2020 மே 4-ஆம் தேதி, ஊரடங்கில் கோயிலுக்குள் பக்தர்களே இல்லாமல் திருக்கல்யாணம் நடந்தபோது, மதுரையே அப்படித்தான் வீட்டுக்குள் இருந்து சரடு மாற்றியது. அந்தப் பெட்டிக்கு நான் கை எடுத்துக் கும்பிட்டிருக்கிறேன். அம்மா பேசாமல் பார்த்தார். பட்டர் சொல்வதைக் கேட்டார். யாரும் நடுவில் புகுந்து ஆமாவா இல்லையா என்று கேட்கவில்லை.

2023-க்குப் பிறகு நான் கிராம சபைக்கு ஒரு மைக்குக்கு மேல் கொடுப்பதில்லை. "இன்னொன்னு போடுண்ணே, வாடகை தர்றோம்" என்றாலும் இல்லை என்றுதான் சொல்வேன். ஒரு ஊராட்சியில் கோபித்துக்கொண்டு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள், பரவாயில்லை. அந்த ஒரு மைக்கையும் மேசையில் வைப்பதில்லை. நான் கையில் எடுத்துக்கொண்டு போய், பேசுகிறவர் கையில் கொடுத்து, அவர் முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் நிற்கிறேன். இந்த ஆகஸ்ட் 15-இல் வயர் பத்தடி எட்டவில்லை, மரத்தடியில் இருந்தவர்கள் எழுந்து வெயிலுக்கு வர வேண்டியதாகிவிட்டது. அக்டோபர் 2-க்கு 30 மீட்டர் வயர் புதிதாக வாங்கி, இரண்டு முனையும் பற்றவைத்து, சுற்றி வைத்திருக்கிறேன். வேப்பமரத்துக்குப் பின்னால் இருக்கிற திண்ணை வரைக்கும் எட்டும்.